உலக இலக்கியம்: துரையைத் தூக்கி வந்தவர்களின் வாசிப்பு

1

1834 ஜூன் மாதம் மெக்காலே சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது உடம்புக்கு முடியாமல் ஊட்டியில் இருந்தார். மேலே வரச் சொல்லி ஆள் விட்டார். மெக்காலே புறப்பட்டார். பெங்களூர், சீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக ஏறக்குறைய 400 மைல். ரயிலும் கிடையாது, கார் ரோடும் கிடையாது. பல்லக்குதான். அத்தனை மைலையும் மனுசத் தோள்மேல் ஏறித்தான் கடந்தேன் என்று அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தூக்கினவன் பேர் என்ன, ஊர் என்ன என்பது வரலாற்றில் இல்லை. உழைக்கிற சாதி என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

வரும்போது கப்பலில் துரைக்கு ஒரே படிப்பு. ஹோமர், வர்ஜில், தாந்தே, டான் குவிக்ஸாட், கிப்பன், வால்டேர் 70 தொகுதி. மழைக்காலம் முழுக்க ஊட்டியில் இருந்துவிட்டுக் கல்கத்தா போனார். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி அந்தப் பேர்போன கல்விக் குறிப்பை எழுதினார். நல்ல ஐரோப்பிய நூலகத்தில் ஒரே ஒரு தட்டு, இந்தியா அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்பது அவருடைய தீர்ப்பு. சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். படிக்காததற்கு மார்க் போடுகிற பழக்கம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

அந்த ஒரு தட்டுதான் இன்றைக்கு நம் கல்லூரிகளில் 'உலக இலக்கியம் – அறிமுகம்' என்கிற மாதிரியான பேரோடு ஒரு தாளாக வருகிறது. நடுவில் ஒரு ஆப்பிரிக்கரையும் ஒரு லத்தீன் அமெரிக்கரையும் சேர்த்திருப்பார்கள். அலமாரி அதே அலமாரி. கூட இரண்டு புத்தகம், அவ்வளவுதான்.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்? பஞ்சமி நிலம் இருக்கு, லயத்துக்குக் கூரை இல்ல, நீங்க ஹோமரப் பத்திப் பேசுறீங்க' என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், எத்தனை வயசு வரைக்கும் என்று முடிவு பண்ணுகிற அதிகாரமும் நிலத்தைப் போல ஒரு சொத்துதான். அதையும் நம்மிடமிருந்துதான் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

2

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் வந்தது. ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் இருக்கிறது. 1822-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்ட ஆரம்பித்த கல் பங்களா அந்த வளாகத்துக்குள்தான் நிற்கிறது. ஊட்டியில் வெள்ளைக்காரன் கட்டின முதல் வீடு. தொதவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று வாங்கினதாகச் சொல்வார்கள். துரை வீட்டு வாசலில் இன்றைக்கு எஸ்டேட் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்கள் என்றால் அது சும்மா வந்ததில்லை. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் ஆதிதிராவிடர் விடுதியும் போராடி வந்தவை.

யார் அந்தப் பிள்ளைகள்? 1964-ல் சிறீமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது. ஆட்டு மந்தையைப் பிரிக்கிற கணக்கு. போன சனத்தில் பெரும்பகுதி பள்ளரும் பறையரும் சக்கிலியரும். திரும்பி வந்த சனத்திலும் அப்படியே. அவர்களுக்காக 1968-ல் அரசு இந்த மலையில் தேயிலை போட்டது. 1976-ல் அது டேன்டீ என்கிற கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று லயம் லயமாகக் குடியேறினார்கள். நூறு வருசத்துக்கு மேல் கண்டிச் சீமையில் கொழுந்து பறித்த சனம், 'தாயகம் திரும்பியோர்' என்ற பட்டத்தோடு மறுபடியும் கொழுந்துதான் பறித்தது. 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தபோது, 'அப்ப நாங்க எங்க போறது' என்று மறுபடியும் கேட்க வேண்டி வந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் முதலாளி பள்ளிக்கூட வசதி செய்து தர விதி போடலாம் என்றது. எப்போது? 6 வயசுக்கும் 12 வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால். சட்டத்தின் கண்ணுக்கு எஸ்டேட் பிள்ளையின் படிப்பு 12 வயசோடு முடிந்துபோகிறது. அதற்கு மேல் என்ன? கூடை. கொழுந்து நிறுக்கிற தராசு. பெரட்டுக்களம். அதே மலையில் 1858-லேயே லாரன்ஸ் பள்ளி வந்துவிட்டது. அது யாருக்காக வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் 12 வயசைத் தாண்டி, பிளஸ் டூவையும் தாண்டி, விடிகாலைப் பனியில் பஸ் பிடித்து ஒரு பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. வீட்டில் முதல் ஆள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழி. வந்த வேகத்தில் கையில் 'உலக இலக்கியம்'. கிரேக்கம் ஒரு யூனிட், பிரெஞ்சு ஒரு யூனிட், ருசியா ஒரு யூனிட். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத் துண்டு. ஆசிரியர் பிறந்த வருசம், செத்த வருசம், 'மகா காவியத்தின் இலக்கணங்கள் யாவை?' அஞ்சு மார்க். புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் கைடு கிடைக்கிறது. கைடை மனப்பாடம் பண்ணினவன் பாஸ். பண்ண முடியாதவனுக்கு அரியர். அரியர் மூன்று விழுந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'போதும்டா சாமி, திருப்பூர் போ.' பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போய்விடும். ஹோமர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை மலை இறக்கிவிட்டதில் ஹோமர் பேரும் சேர்ந்துபோகிறது.

3

இதைப் பார்த்து இரண்டு வகையான ஆட்கள் யோசனை சொல்ல வருவார்கள்.

ஒரு வகை: 'இவங்களுக்கு எதுக்குங்க இலக்கியம்? ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர், திறன் பயிற்சி, அது போதும். வேலை கிடைக்கும்.' கேட்க அக்கறையாகத்தான் இருக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் இதே பேச்சு வந்தது. புக்கர் டி. வாஷிங்டன் 1895-ல் அட்லாண்டாவில் நின்றுகொண்டு, முதலில் கைத்தொழிலைக் கற்போம், உரிமையெல்லாம் மெல்ல வரட்டும் என்றார். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். 1903-ல் டு பாய்ஸ் 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்ற புத்தகத்தில் பதில் சொன்னார். தொழில் வேண்டும், சரி. ஆனால் உயர்கல்வியும் ஓட்டும் சம உரிமையும் இல்லாமல் கைத்தொழில் மட்டும் கற்றவன் கடைசிவரைக்கும் வேலைக்காரன்தான் என்பது அவர் வாதம். நம் ஊரில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. மேனேஜர் வீட்டுப் பிள்ளைக்கு இலக்கியம், தத்துவம், சட்டம். கொழுந்து பறிக்கிறவள் பிள்ளைக்குத் 'திறன்'. பழைய வருணப் பங்கீட்டைப் புதுப் பேரில் எழுதுகிறார்கள்.

இன்னொரு வகை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 'உலக இலக்கியமாவது கத்திரிக்காயாவது! அதெல்லாம் ஏகாதிபத்தியக் குப்பை. நமக்கு நம்ம எழுத்து போதும்.' கோபம் நியாயம். முடிவு நியாயமில்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்தவன் சொன்னதும் இதேதான்: உன் தெருவோடு இரு, எங்கள் தெருவுக்கு வராதே. அவன் போட்ட வேலியை நாமே எடுத்து நட்டுக்கொள்வதா?

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. 1873-ல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதினார். யாருக்குக் காணிக்கை வைத்தார்? நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு. பூனாவில் ஒரு மாலி உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அப்பால் நடந்ததைத் தன் வரலாறாகப் படித்திருக்கிறார். பாபாசாகேப் 1913-ல் கொலம்பியாவுக்குப் போனார். 1946-ல் டு பாய்ஸுக்கே கடிதம் எழுதி, நீக்ரோக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கிற மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் இயக்கம் கட்டியபோது, கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்தார்கள். தமிழில் இந்திரன் 1982-ல் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' கொண்டுவந்தார். அதைப் படித்துவிட்டு எழுத வந்தவர்கள் எத்தனை பேர்! இவர்களுக்கெல்லாம் யார் சிலபஸ் போட்டது? உலக இலக்கியத்தை நாம் கல்லூரிக்குப் போவதற்கு முன்னாலேயே படிக்க ஆரம்பித்துவிட்டோம். வேலைக்காகப் படிக்கவில்லை, விடுதலைக்காகப் படித்தோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்த மலையையே எடுத்துக்கொள்வோம். அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்தது நீலகிரியில். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லர். அந்தக் கந்தப்பன் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். 1860-களில் ஊட்டியில் பள்ளிக்கூடம் நடத்தியவர் ஜி.யு. போப். 1886-ல் குறளை முழுதாக இங்கிலீஷில் கொண்டுவந்தவரும் அவரே. போப்புக்குச் சிலை இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது. கந்தப்பனுக்கு என்ன இருக்கிறது? குறள் உலக இலக்கியமான கதையைச் சொல்லும்போது பட்லர் கையையும் சேர்த்துச் சொல்ல எத்தனை வாத்தியார் முன்வருவார்?

ரெட்டமலை சீனிவாசனும் இந்த மலையில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதினவர்தான். பண்டிதருக்கு மைத்துனர் முறை. 1890-ல் சென்னைக்கு இறங்கி, 1893-ல் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி பண்டிதரின் திராவிட மகாஜன சபை மாநாடு நடந்ததும் இங்கேதான். பத்துத் தீர்மானம் போட்டார்கள். அதில் நம் பிள்ளைகளின் படிப்பும் உண்டு. சமையல்கட்டிலும் கணக்கு ரூமிலும் நின்றுகொண்டே தமிழ், இங்கிலீஷ், பாலி, சமஸ்கிருதம் என்று புரட்டிப் பார்த்த பரம்பரை நம்முடையது. 'இவங்களுக்கு இலக்கியம் எதுக்கு' என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

4

சரி, படிப்போம். எப்படிப் படிப்பது?

ஹோமரையே எடுப்போம். 'இலியத்' இரண்டாம் காண்டத்தில் தெர்சைட்டிஸ் என்று ஒருத்தன் வருகிறான். கைடில் பெரும்பாலும் இருக்க மாட்டான். ட்ராய்க்கு வந்தவர்களிலேயே அசிங்கமானவன் என்று ஹோமர் அறிமுகம் செய்கிறார். வளைந்த கால், ஒரு கால் நொண்டி, கூன் தோள், தலையில் நாலு முடி. மற்ற வீரர்களுக்கெல்லாம் அப்பன் பேர், ஊர்ப் பேர் சொல்கிற கவிஞர் இவனுக்கு மட்டும் எதையும் சொல்வதில்லை. அவன் சபையில் எழுந்து பேரரசன் அகமெம்னானைக் கேட்கிறான்: உன் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கு, இன்னும் உனக்கு என்ன வேணும்? நாங்க வீட்டுக்குப் போறோம். கேட்டது நியாயமான கேள்வி. பதில் என்ன? ஒடிசியஸ் பொன்கோலால் அவன் முதுகிலும் தோளிலும் அடிக்கிறான். தடித்து வீங்குகிறது. தெர்சைட்டிஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறான். படை சிரிக்கிறது.

இந்தக் காட்சி நமக்குப் புதுசா? ஊர்க் கூட்டத்தில் நம் ஆள் எழுந்து கேள்வி கேட்டால் நடக்கிறதுதான். சம்பூகனுக்கும் ஏகலைவனுக்கும் நடந்ததுதான். 'மகா காவியத்தின் இலக்கணங்கள்' என்று அஞ்சு மார்க் எழுதச் சொன்னால் நம் பிள்ளைக்குத் தூக்கம்தான் வரும். 'தெர்சைட்டிஸ் கேட்டதில் என்ன தப்பு? படை ஏன் சிரிச்சது?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே பேசும்.

'ஒடிசி'யில் 22-ஆம் காண்டம். அரண்மனை வேலைக்காரிகள் 12 பேர். செத்தவர்களின் பிணத்தைத் தூக்கச் சொல்கிறார்கள், ரத்தம் கழுவச் சொல்கிறார்கள், கழுவி முடித்ததும் தூக்கில் போடுகிறார்கள். பிணம் தூக்குவது, ரத்தம் கழுவுவது: உலகம் பூராவும் அந்த வேலை யாருக்கு என்று பாருங்கள். மார்கரெட் ஆட்வுட் 2005-ல் அந்தப் பெண்களைப் பேசவிட்டு ஒரு நாவல் எழுதினார். நம் பெண்கள் எழுதினால் இன்னும் வேறு மாதிரி வரும்.

1719-ல் வந்த 'ராபின்சன் குரூசோ'வைச் சிறுவர் கதையாகப் படித்திருப்போம். ஆசாமி யார்? பிரேசிலில் தோட்ட முதலாளி. கப்பல் உடைந்தது எங்கே போகிற வழியில்? ஆப்பிரிக்காவில் அடிமை பிடிக்கப் போகிற வழியில். தீவில் ஒருத்தன் கிடைத்ததும் 'ஃப்ரைடே' என்று தானாகப் பேர் வைக்கிறான். அடுத்துக் கற்றுக்கொடுத்த வார்த்தை 'மாஸ்டர்'. எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க நோட்ஸ் எதுக்கு? 'துரை' என்ற ஒரே சொல் போதும்.

'அது வெள்ளைக்காரன் எழுத்து, அப்படித்தான் இருக்கும்' என்றால், சினுவா அச்செபேக்கு வருவோம். 1958-ல் வந்த 'சிதைவுகள்' நம் பாடத்திட்டங்களில் அடிக்கடி வருகிறது. வெள்ளைக்காரனும் சர்ச்சும் வந்து ஆப்பிரிக்கப் பண்பாட்டைச் சிதைத்த கதை என்று பாடம் நடக்கும். சரிதான். ஆனால் அதே நாவலில் 'ஓசு' என்று ஒரு கூட்டம் வருகிறது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள். ஊரோடு கலக்கக் கூடாது, சுதந்திரமாகப் பிறந்தவர்களோடு கல்யாணம் கூடாது, முடி வெட்டக் கூடாது, செத்தால் தீய காட்டில் புதைக்க வேண்டும். அவர்கள் சர்ச்சுக்குள் வந்தபோது ஏற்கெனவே மதம் மாறினவர்களே எதிர்க்கிறார்கள். போதகர் மறுத்து, உள்ளே வாருங்கள் என்கிறார். மற்றவர்களுக்குச் 'சிதைவு', ஓசுவுக்கு அது முதல் வாசல். இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிற வகுப்பில் நம் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். 'சார், அந்த ஊர்ல நாங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்போம்?' தாராபுரத்தில், நாகர்கோவிலில், இந்த மலையிலேயே நம் சனம் ஏன் சர்ச்சுக்குப் போனது என்று அந்த ஒரு அத்தியாயத்தை வைத்துப் பேசலாம். போன பிறகு சர்ச்சுக்குள்ளும் தனிப் பெஞ்சு போட்டதையும் சேர்த்துத்தான்.

இப்படித் தூக்கினவன் தோளிலிருந்து பார்த்தால் உலக இலக்கியம் வேறு இலக்கியம். எந்தப் புத்தகத்திலும் ஒரு தெர்சைட்டிஸ் அடி வாங்கிக்கொண்டு நிற்பான். அவனைத் தேடிப் பிடிப்பதுதான் வாசிப்பு.

5

'உலக இலக்கியம்' என்ற சொல்லைப் பெரிதாக ஆக்கியவர் கதே. 1827-ல், ஒரு சீன நாவலைப் படித்துவிட்டு, இனி உலக இலக்கியத்தின் காலம் என்றார். 1848-ல் மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையில் அதற்குப் பொருளாதாரக் காரணம் சொன்னார்கள். உலகச் சந்தை வந்ததால்தான் உலக இலக்கியம் வருகிறது. சரக்குப் போகிற பாதையில் எழுத்தும் போகும்.

அப்படியானால் ஒரு கேள்வி. நீலகிரித் தேயிலை லண்டனுக்குப் போனது, ருசியாவுக்குப் போனது. உலகச் சந்தையில் நமக்கு 150 வருசத்துப் பழக்கம். பறித்த கையின் கதை ஏன் போகவில்லை? கதை இல்லாமலா? மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார். தெளிவத்தை ஜோசப் 1974-லேயே 'காலங்கள் சாவதில்லை' எழுதினார். வால்பாறைத் தோட்டங்களின் சாவையும் சவுக்கையும் டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் இங்கிலீஷில் 'ரெட் டீ' என்று எழுதினார். 2007-ல் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். நம் பக்கத்து மலைக் கதை நமக்குத் தமிழில் வந்துசேர 38 வருசம்! எமனோ 1930-களில் இந்த மலைக்கு வந்து தொதவர் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1971-ல் அது பெரிய புத்தகமாக வந்தது. ஆனால் அது பெரும்பாலும் மொழியியல் அலமாரியில், மானிடவியல் அலமாரியில்தான் கிடக்கும். கிரேக்கன் பாடினால் காவியம், தொதவர் பாடினால் 'தரவு'.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. 'இது தமிழா? கொச்சை' என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். 2000-ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் இங்கிலீஷில் கொண்டுவந்தார். விருது வந்தது, வெளிநாட்டு வகுப்புகளுக்கும் போனது. இப்போது இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிற நம் பெண் அதை எதில் படிக்கிறாள்? இங்கிலீஷில்! தன் அப்பத்தா பேசின பேச்சை இங்கிலீஷில் படித்து, அதற்கு நோட்ஸ் எழுதி, பரீட்சையில் ஸ்பெல்லிங் தப்புக்கு மார்க் குறைந்து வெளியே வருகிறாள். உலக இலக்கியமாகிற வழியில் நம் எழுத்து நம் கையை விட்டே போகிறது.

அதுவும் அவர்கள் பொறுத்துக்கொள்கிற வரைக்கும்தான். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் இங்கிலீஷ் ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் ஒரே வீச்சில் தூக்கியது. இலக்கியம் சும்மா என்றால் ஏன் தூக்க வேண்டும்? பாடத்திட்டம் என்பது அதிகாரம். அதனால்தான் அதைக் கையில் வைத்துக்கொள்ள அவர்கள் துடிக்கிறார்கள்.

6

புலம்பினால் போதாது. என்ன கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

ஒன்று. அறிமுகத் தாளை எடுக்கக் கூடாது. 'திறனு'க்கு நேரம் வேண்டும் என்று இதன் மணிக்கணக்கைக் குறைக்கவும் கூடாது. ஆனால் பதினைந்து துண்டு வேண்டாம். நாலு புத்தகம், முழுதாக. நாலை முழுதாகப் படித்தவன் நாற்பதைத் தானே தேடிப் போவான்.

இரண்டு. தமிழில் படிக்கவும் தமிழில் எழுதவும் விட வேண்டும். 'மொழிபெயர்ப்பில் சுவை போய்விடும்' என்பார்கள். டால்ஸ்டாய் இங்கிலீஷிலா எழுதினார்? பேராசிரியர் படித்ததும் மொழிபெயர்ப்புதானே? இங்கிலீஷில் படித்தால் மூலம், தமிழில் படித்தால் மொழிபெயர்ப்பா? தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் 'தாய்' எத்தனை தொழிலாளி வீட்டில் கிழிந்து கிழிந்து படிக்கப்பட்டது! மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் ஐத்மாதவின் 'முதல் ஆசிரியர்' வந்தது. கிர்கீஸ் மலைக் கிராமத்தில் குதிரை லாயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளிக்கூடமாக்கினவன் கதை. அநாதைப் பெண் ஒருத்தி அதில் படித்துப் பேரறிஞர் ஆகிறாள். எங்கள் மலைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? 1991-ல் சோவியத் உடைந்ததும் அந்த மலிவுப் புத்தகமும் நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது அரசின் வேலை.

மூன்று. மலையக எழுத்தும் தலித் எழுத்தும் பழங்குடிப் பாட்டும் கடைசி யூனிட்டில் ஒட்டுப்போட்ட துண்டாக வரக் கூடாது. ஹோமருக்குப் பக்கத்தில், சரிசமமாக. டு பாய்ஸ் இருக்கிற தாளில் அயோத்திதாசரும் இருக்க வேண்டும்.

நான்கு. கேள்வித்தாள் மாற வேண்டும். இலக்கணம் யாவை, கதைச் சுருக்கம் தருக என்பதெல்லாம் கைடு விற்கிறவனுக்கு லாபம். இந்தக் கதையில் வேலை செய்கிறவர் யார், பேசவிடாமல் அடிக்கப்பட்டவர் யார் என்று கேட்கட்டும்.

ஐந்து. ஆதிதிராவிடர் விடுதியில் சோறு மட்டும் போட்டால் போதாது, புத்தகமும் வேண்டும். பூட்டி வைத்து ஆடிட்டுக்குக் காட்டுகிற பீரோவைச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கையில் வைத்துப் படிக்கிற புத்தகம்.

இவ்வளவும் அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்க வேண்டியது. நமக்கும் வேலை இருக்கிறது. அம்பேத்கர் படிப்பகம் என்று போர்டு மாட்டி, ஏப்ரல் 14-க்கு மட்டும் திறந்து மாலை போடுகிற இடங்கள் எத்தனை! அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் திறப்போம். கல்லூரிக்குப் போகிற பிள்ளை அந்த வாரம் படித்த கதையை லயத்தில் வந்து சொல்லட்டும். படிக்காத ஆத்தாவும் சித்தப்பாவும் கேட்கட்டும். தெர்சைட்டிஸை அடித்த கதையைச் சொல்லிவிட்டு, 'அவன் கேட்டதுல என்ன தப்பு?' என்று கேட்டால் பெரட்டுக்களத்தில் முப்பது வருசம் நின்ற ஒரு கிழவி சொல்கிற பதில் எந்தக் கைடிலும் இருக்காது. அதை எழுதி வைத்துக்கொண்டு வந்து நம் பிள்ளை பரீட்சையில் எழுதட்டும். மார்க் போடுகிறவர் முதலில் திகைப்பார். பத்துப் பேர் எழுதினால் யோசிப்பார். நூறு பேர் எழுதினால் பாடத்திட்டம் மாறும்.